கால் சொல்லும் அளவு

நுழையும்முன்

உடையைத் தேர்ந்தெடுக்கக் கண்ணாடியைக் கேட்கிறோம். உணவைத் தேர்ந்தெடுக்க நாவைக் கேட்கிறோம். காலணியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் காலைக் கேட்க மறந்துவிடுகிறோம். அழகா, நலமா என்பது கடைத்தெருவில் எழும் சிறிய வினாவாகத் தோன்றலாம். நாள் முழுவதும் நின்றே உழைப்பவர்களுக்கு அது அன்றாட வாழ்க்கையின் வினா. திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் பணிபுரியும் ஓர் இளம்பெண்ணின் காலடியைப் பின்தொடர்ந்து அவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

வெயிலில் ஒரு நடை

சித்திரை மாதத்துப் பிற்பகல். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், சுங்குவார்சத்திரத்துச் சந்திப்பில் கானல் நெளிகிறது. முதல் பணிமுறை முடிந்து தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. இறங்குவோருள் பெரும்பாலோர் இருபதைத் தொட்டும் தொடாத வயதினர். கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சிறு பையுமாகச் சாலையோர நிழலை நாடி விரைகின்றனர். அவர்களுள் ஒருத்தி மட்டும் கடைசிப் படியில் தயங்கி, பாதத்தைப் பார்த்துப் பார்த்து இறங்குகிறாள்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் அவளுடையது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மின்னணுப் பொருள்கள் தயாரிக்கும் ஆலையொன்றில் வேலை கிடைத்தது. முதல் மாத ஊதியத்தில் வீட்டுக்கு அனுப்பியதுபோக எஞ்சிய பணத்தில், தனக்கென்று அவள் வாங்கிய ஒரே பொருள் இந்தக் காலணிதான். குதிகால் உயர்ந்தது, முனை கூர்ந்தது, கருநிறத்தில் பளபளப்பது. கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அது எத்துணை அழகாக இருந்ததோ, அத்துணைத் துன்பத்தை இப்போது தருகிறது. சுண்டுவிரலோரம் கொப்புளம் உடைந்து எரிகிறது. தங்கும் விடுதிக்கு இன்னும் பதினைந்து நிமிட நடை இருக்கிறது.

அவள் நடக்கும் மண் அண்மைக்காலத்தில் பெரிதும் மாறிய மண். இராமானுசர் பிறந்த ஊர் என்னும் பெருமையுடைய திருப்பெரும்புதூரைச் சுற்றி ஒருகாலத்தில் ஏரிகளும் அவற்றை நம்பிய வயல்களுமே கண்ணுக்குத் தெரிந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட் – நிசான் ஆலை திறக்கப்பட்டது. வாகன உதிரிப்பாகங்கள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் எனப் பலவும் இன்று இங்கு உருவாகின்றன. அவற்றை உருவாக்கும் கைகளைப் பற்றி நாம் பேசுகிறோம். அக்கைகளைத் தாங்கி நிற்கும் கால்களைப் பற்றிப் பேசுவது அரிது.

காலுக்கு ஓர் அரண்

ஆலைக்குள் அவள் இந்தக் காலணியை அணிவதில்லை, அணியவும் இயலாது. வாயிலைத் தாண்டியதும் நிலைமின்னைத் தரைக்குக் கடத்தும் தனிக் காலணிக்கு மாறிக்கொள்ள வேண்டும். நடக்கும்போது மனித உடலில் சேரும் நிலைமின்னை நம்மால் பெரும்பாலும் உணர முடிவதில்லை. நாம் உணராத அவ்வளவு சிறிய மின்னூட்டமே நுண்ணிய மின்னணுச் சில்லு ஒன்றைப் பழுதாக்கப் போதுமானது.

மகிழுந்து ஆலைகளில் காலணியின் பணி வேறு. அங்கு அணியப்படும் பாதுகாப்புக் காலணியின் முனையில் விரல்களைக் காக்கும் கடினமான கவசம் ஒன்று இருக்கும். 200 ஜூல் ஆற்றலுடைய தாக்குதலை அது தாங்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தரவிதி. இருபது கிலோ எடை, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்களின்மேல் விழுவதாக எண்ணிப் பார்த்தால் அந்த அளவு விளங்கும்.

காலணியை அரணாகக் காணும் இப்பார்வை தமிழுக்குப் புதிதன்று. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை இதே நிலப்பகுதியின் பழைய வழிகளைக் காட்டும் நூல். அதில் வரும் வணிகர்கள் பாதத்தை மறைத்துக் காக்கும் காலணி அணிந்து வழிச்செல்கின்றனர்; அதனை அந்நூல் ‘அரணம்’ என்றே குறிக்கிறது. அதே நூலில் வரும் ஆயருடைய வலிய அடிகளிலோ, செருப்பு அழுந்தியழுந்திப் பதிந்த வடு இருக்கிறது. காலைக் காப்பதும் காலணி. காலில் வடுவை ஏற்படுத்துவதும் காலணி. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இவ்விரண்டும் நம்முடன் நடந்து வருகின்றன.

ஆலைக்குள் எதை அணிவது என்பதை விதி முடிவு செய்கிறது. ஆலைக்கு வெளியே அதனை முடிவு செய்வது அவள். சிக்கல் அங்குத்தான் தொடங்குகிறது.

செய்தித்தாளில் ஒரு பாதம்

சந்திப்பைக் கடப்பதற்குள் கணுக்காலைச் சுற்றிய வார் அறுந்துவிடுகிறது. புளியமரத்தடியில் பழைய குடையொன்றைக் கட்டி, ஊசியும் நூலும் உளியும் பரப்பி அமர்ந்திருக்கும் முதியவரிடம் அவள் செல்கிறாள்.

“தாத்தா, வாரு அறுந்துபோச்சு. தச்சுத் தர்றீங்களா?”

முதியவர் காலணியை வாங்கித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு அவளுடைய காலைப் பார்க்கிறார்.

“தச்சுத் தர்றேன் பாப்பா. தச்சா வாரு நிக்கும். உன் காலு நிக்குமா?”

அவள் விடை சொல்லவில்லை. அவர் பழைய செய்தித்தாள் ஒன்றைத் தரையில் விரிக்கிறார்.

“இதுமேல நல்லா ஊனி நில்லு.”

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பாதத்தின் ஓரமாகவே ஒரு கோடு வரைகிறார். அவள் காலை எடுத்ததும், அக்கோட்டின்மேல் அவளுடைய காலணியை வைக்கிறார். நீளம் சரியாகவே இருக்கிறது. விரல்கள் தொடங்கும் இடத்தில் மட்டும், பென்சில் கோடு காலணியின் இருபுறமும் வெளியே வழிந்து நிற்கிறது.

“பாத்தியா? செருப்பு உள்ள நிக்குது. காலு வெளிய நிக்குது. அது எப்படி உள்ள போவும்?”

தன் கால்தான் அகலம், தன் கால்தான் அழகற்றது என்று அதுவரை அவள் நம்பியிருந்தாள். கடையில் அணிந்து பார்த்தபோது இறுக்கியது உண்மை. “போடப்போட இளகிடும்” என்று விற்பவர் சொன்னதையும் நம்பினாள். கால் தவறு, காலணி சரி என்பது அவள் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட முடிவு. செய்தித்தாளில் இருந்த கோடு அம்முடிவை மாற்றிவிட்டது.

ஓர் இலட்சம் பேரின் கால்கள்

அந்த முதியவர் ஒரு பென்சிலால் செய்ததை அறிவியல் பெரிய அளவில் செய்திருக்கிறது. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் தொடங்கப்பட்டது. இந்தியரின் பாத அளவுகளை அறிய, அந்நிறுவனத்தினர் 2021 திசம்பர் முதல் 2022 மார்ச்சு வரை நாடு முழுவதும் 79 இடங்களில் கள ஆய்வு நடத்தினர். முப்பரிமாண வருடிகளின் துணையுடன் 1,01,880 பேரின் பாதங்கள் அளக்கப்பட்டன.

ஆய்வின் முடிவு எளிமையானது, ஆனால் முதன்மையானது. இந்தியரின் பாதங்கள் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானவை. நம் கடைகளில் கிடைக்கும் காலணிகளோ பெரும்பாலும் அயல்நாட்டு அளவுமுறைகளைத் தழுவியவை. இன்றும் நாம் ஆறு, ஏழு, எட்டு என்று கேட்டு வாங்கும் எண்கள் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வந்த பிரித்தானிய முறையைச் சேர்ந்தவை. அம்முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையேயான வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது பழங்கால இங்கிலாந்தில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளமாகக் கொள்ளப்பட்டது. எங்கோ விளைந்த தானியமணி ஒன்று, நெல் விளையும் ஊரில் பிறந்தவர்களின் கால்களை இன்றும் அளந்துகொண்டிருக்கிறது.

அகலம் போதாமையால் பலர் தமக்குத் தேவையானதைவிட நீளமான காலணியை வாங்கி அணிகின்றனர் என்பதையும் ஆய்வு காட்டியது. அகலத்துக்காக வாங்கினால் நீளம் தடுக்குகிறது. நீளத்துக்காக வாங்கினால் அகலம் நெரிக்கிறது. பெண்களின் பாத வளர்ச்சி ஏறத்தாழ 11 வயதிலும், ஆண்களின் பாத வளர்ச்சி 15 அல்லது 16 வயதிலும் உச்சத்தை அடைகிறது என்றும் கண்டறியப்பட்டது. இவற்றின் அடிப்படையில், குழந்தை முதல் பெரியவர் வரை அனைவரையும் எட்டுப் பிரிவுகளில் அடக்கும் புதிய அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டுள்ளது. பாரதம் என்னும் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அதற்குப் ‘பா’ என்று பெயரிட்டுள்ளனர்.

சுங்குவார்சத்திரத்துப் பெண்ணின் கால் தவறான கால் அன்று. அந்தக் காலணி வார்க்கப்பட்ட அச்சில் அவளைப் போன்ற ஒருத்திக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

வலி என்னும் காவல்

மனிதப் பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகள் உள்ளன. அவற்றைப் பிணைக்கும் தசைநார்களும் மூட்டுகளும் ஒவ்வோர் அடியிலும் விரிந்து சுருங்குகின்றன. குதிகால் உயரும்போது உடலின் எடை முன்பாதத்தை நோக்கிச் சாய்கிறது. கூர்முனைக் காலணியில் அந்த முன்பாதத்துக்குத்தான் இடமே இல்லை. கோடையிலோ நெடுநேரம் நிற்பதாலும் வெப்பத்தாலும் பாதம் சற்று வீங்குகிறது. காற்றுப் புகாத செயற்கைப் பொருளுக்குள் வியர்வை தேங்கி, விரலிடுக்குகளில் பூஞ்சைத் தொற்றுக்கு வழிவகுக்கிறது. காலையில் பொருந்திய காலணி மாலையில் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இவற்றையெல்லாம் கால் தன் மொழியில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அம்மொழிக்கு வலி என்று பெயர். இதனை உலகுக்கு விளக்கியவர்களுள் ஒருவர் மருத்துவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த அவர், 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளர்களின் கைகால்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்னும் நம்பிக்கை அக்காலத்தில் பரவியிருந்தது. நோய் நரம்புகளின் உணர்வை அழிப்பதால், காயம் பட்டதையே அறியாமல் அவர்கள் மேலும் மேலும் காயப்படுகின்றனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அப்பாதங்களைக் காக்க, நுண்துளை இரப்பராலான மென்மையான அடித்தளம் கொண்ட காலணிகளைப் பயன்படுத்தும் முறை வளர்வதற்கும் துணைநின்றார். நீரிழிவினால் பாத உணர்வை இழந்தோருக்கும் அவ்வகைக் காலணிகள் இன்று பரிந்துரைக்கப்படுகின்றன.

உணர்வற்ற காலுக்கு எது பொருந்தவில்லை என்று தெரியாது. உணர்வுள்ள காலுக்குத் தெரியும். தெரிந்தும் அதன் சொல்லைக் கேளாமல் பல்லைக் கடித்து நடப்பது, வாயிலில் நிற்கும் காவலரை விழாமுடியும்வரை பேசாதே என்று அடக்கிவைப்பதற்கு ஒப்பாகும்.

கையில் ஏந்திய செருப்பு

அப்படியானால் அவள் ஏன் அந்தக் காலணியை வாங்கினாள்? இளமையின் பகட்டு என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடலாம். அது நேர்மையான விடை ஆகாது.

தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில், ஒடுக்கப்பட்ட மக்கள் சில தெருக்களைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச்செல்ல வேண்டிய கொடுமை நெடுங்காலம் இருந்தது. அவளுடைய பாட்டியும் அவ்வாறு நடந்தவர்தான். வெயில் கொதிக்கும் தெருவில், கையில் செருப்பு இருந்தும் வெறுங்காலுடன் நடந்த கதையைப் பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். அவளுடைய அம்மா நடவு வயலில் நின்று நின்று பித்தவெடிப்பு ஏறிய காலுக்கு இரப்பர்ச் செருப்பைத் தவிர வேறொன்றும் அறியாதவர். அக்குடும்பத்தில் கடைக்குள் சென்று, கால்மேல் காலிட்டு அமர்ந்து, “அதை எடுங்க, பார்க்கலாம்” என்று கேட்ட முதல் பெண் இவள்.

அந்த உயர்ந்த குதிகாலில் அவள் தேடியது அழகு மட்டும் அன்று; நிமிர்வு. ஆகவே, எளிய செருப்பு போதுமே என்று அவளுக்கு அறிவுரை கூறுவோர் சற்றுத் தயங்க வேண்டும். போதும் என்று அவளுடைய முன்னோருக்கு ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டனர். நலத்தைக் கேட்பதற்காக நிமிர்வை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எவரும் அவளிடம் சொல்லலாகாது.

அழகும் நலமும்

உண்மையில் இவ்விரண்டுக்கும் இடையே பகை இல்லை. உயர்ந்த குதிகாலே பாரசீகக் குதிரைவீரர்கள் அங்கவடியில் காலை ஊன்றி நிற்பதற்குப் பயன்பட்ட ஒன்று. பிறகுதான் ஐரோப்பிய அரசவைகளில் அது பகட்டின் அடையாளமாயிற்று. மகாராட்டிரத்தின் கோலாப்பூர்ச் செருப்பு இதற்கு மறுதலையான சான்று. தட்டையான அடி, திறந்த மேற்பகுதி, பதனிட்ட தோல் என வெயில் நிலத்துக்காகவே கைவினைஞர்கள் உருவாக்கியது அது. 2025 சூன் மாதம் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த ஆடை அணிவகுப்பில், பிராடா நிறுவனம் அதனையொத்த காலணிகளைக் காட்சிப்படுத்தியது. இந்தியக் கைவினைஞர்களுக்கு உரிய மதிப்புத் தரப்படவில்லை என்று எதிர்ப்பு எழுந்த பின்னர், இந்திய மரபுக் காலணிகளே அதற்குத் தூண்டுதல் என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. நம் ஊர் வெயிலுக்கு எளிமையாக அணிந்தது, உலகின் பார்வையில் ஒப்பனையாகிவிட்டது.

நலம் என்பது வெறும் மென்மை அன்று என்பதையும் இங்குக் கூற வேண்டும். பஞ்சுபோல் அமுங்கும் செருப்பும், தேய்ந்து மெலிந்த இரப்பர்ச் செருப்பும் பாதத்தின் வளைவைத் தாங்குவதில்லை. அவற்றை நெடுநேரம் அணிந்து நடப்பவர்களுக்கும் குதிகால் வலி வரலாம். விரல்கள் விரிந்து நிற்க இடம், குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வார், வளைவைத் தாங்கும் அடி, வியர்வையை வெளியேற்றும் மேற்பகுதி ஆகிய நான்கும் அமைந்ததே கோடைக்கு ஏற்ற காலணி. அது எந்த நிறத்திலும், எந்த வேலைப்பாட்டுடனும் இருக்கலாம். அவ்வாறு வடிவமைக்கக் கற்பிக்கும் இடமும் தொலைவில் இல்லை. 1986-இல் நிறுவப்பட்ட காலணி வடிவமைப்பு, மேம்பாட்டு நிறுவனத்தின் சென்னை வளாகம், அவளுடைய பேருந்து செல்லும் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பூங்காவிலேயே இருக்கிறது.

நல்ல காலணி மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. நின்றே வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்கள், வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்ந்து ஓய்வெடுக்க இருக்கை வசதி செய்ய வேண்டும் என்று, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கூறியது. கடைகளில் பணிபுரிவோருக்கும் அவ்வுரிமையை வழங்கத் தமிழ்நாடு 2021-இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. காலணி விற்கும் பெண்ணும் நாள் முழுவதும் நிற்பவள்தான்.

அம்மாவின் பாதம்

அடுத்த மாத ஊதியம் வந்ததும் அவள் மீண்டும் கடைக்குச் சென்றாள். இம்முறை வேலை முடிந்த மாலைப்பொழுதில், கால் சற்றே வீங்கியிருக்கும் நேரத்தில் சென்றாள். கைப்பையில் மடித்து வைத்திருந்த செய்தித்தாளை எடுத்து விரித்து, ஒவ்வொரு காலணியையும் பென்சில் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். கோட்டுக்கு உள்ளே நின்றவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். கோட்டை மூடி, முனையில் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு நின்ற ஒன்றை, இரு கால்களிலும் அணிந்து கடைக்குள் பத்து அடி நடந்து பார்த்தாள். அரக்கு நிறம், அகன்ற வார், ஓரத்தில் மெல்லிய பொன்னிறத் தையல். அவளுக்கு அது பிடித்திருந்தது. அவளுடைய காலுக்கும் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் வழியாக ஊருக்குப் பேருந்து ஏறினாள். வீட்டு வாசலில் அம்மாவின் இரப்பர்ச் செருப்பு, குதிகால் தேய்ந்து தரை தெரியக் கிடந்தது. உள்ளே சென்று ஒரு செய்தித்தாளை எடுத்து வந்து திண்ணையடியில் விரித்தாள்.

“இதுமேல ஏறி நில்லும்மா.”

“எனக்கு எதுக்குடி இதெல்லாம்? இருக்கிறதே போதும்.”

“போதாதும்மா. நில்லு.”

அம்மா சிரித்துக்கொண்டே ஏறி நின்றார். மகள் குனிந்து, வெடிப்புகள் நிறைந்த அந்தப் பாதத்தின் ஓரமாகப் பென்சிலை மெல்ல நகர்த்தினாள். ஐம்பது ஆண்டுகளாக வரப்பிலும் வயலிலும் வெயிலிலும் நடந்த அந்தக் காலை, அதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை.